அம்மாவோட பாத்திர மெஷினும் அந்த எழுத்தும்

 

தைப்பூசம் நல்லபடியா முடிஞ்சது. பந்தல்லயும் சமையல்கட்டுலயும் நின்ன எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் எழுத உக்காந்தேன். ஆனா போன வாரம் மட்டும் நம்ம சேவை குரூப்ல நாலு பேர் டிஷ்வாஷர் போட்டோ அனுப்பியிருக்கீங்க. முன்னாடி சின்னத் திரையில ஒரு எழுத்து, பக்கத்துல ஒரு எண், மின்னி மின்னி நிக்குது. "தம்பி, இது என்ன, மெஷின் போச்சா?"ன்னு கேள்வி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை கட்டிப்போச்சு. அதனால ஒரே இடத்துல எழுதிடறேன். இதுல எங்க வீட்டுக் கதையும் வரும். அது இல்லாம எனக்கு இந்த விஷயத்தைச் சொல்லத் தெரியலை.

நான் மெக்கானிக் இல்லை. கோயில்ல அண்டா கழுவுறவன். அதுவும் அம்மாகிட்ட இருந்து வந்த வேலை. முப்பது வருஷத்துக்கு மேல அன்னதானப் பாத்திரம் கழுவுனவங்க அவங்க. கை மூட்டு எல்லாம் வீங்கி, விரல் மடங்காம போய், டாக்டர் "இனி ஈரத்துல வேலை வேணாம்மா"ன்னு கண்டிச்சு சொன்ன பிறகுதான் விட்டாங்க. அவங்க நின்ன பைப்படியில இப்ப நான் நிக்கிறேன். வீட்டுலயும் கழுவக்கூடாதுன்னு, நானும் தம்பியும் தங்கச்சியும் காசு போட்டு 2023 தீபாவளிக்கு ஒரு டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்தோம்.

அம்மாவுக்குப் பிடிக்கலை. "எச்சித் தட்டும் சாமிக்குப் படைச்ச பாத்திரமும் ஒரே பெட்டியிலயா?"ன்னாங்க. அந்தக் கேள்வியை நான் சின்னதா நினைக்கலை. இதைப் படிக்கிற நிறைய வீடுகள்ல இதே கேள்வி இருக்கும். எங்க வீட்டுல நாங்க ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நைவேத்தியப் பாத்திரம் மெஷினுக்குப் போகாது. விரதம் ஆரம்பிக்கிறதுக்கு முதல் நாள், உள்ள ஒண்ணுமே வைக்காம, இருக்கிறதுலயே சூடான ப்ரோகிராம்ல ஒரு தடவை ஓட விட்டுடணும். அதுக்கப்புறம் விரதம் முடியிற வரைக்கும் வீட்டுல சைவம்தானே, அதனால பிரச்சனை இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்க வேற மாதிரி சொன்னா அதைக் கேளுங்க.

இப்ப ஜனவரிக்கு வர்றேன். 10-ஆம் தேதி காலையில ஆரம்பிச்சு 14-ஆம் தேதி வரைக்கும் இருந்த தண்ணி கட் உங்களுக்கு மறந்திருக்காது. அக்கரையில சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துல பெரிய வால்வு மாத்துற வேலை. முன்கூட்டியே சொல்லிட்டதால கோயில்ல டிரம் டிரம்மா பிடிச்சு வச்சோம். வீட்டுலயும் குளியலறை பூரா வாளிதான். 14 போகி, 15 பொங்கல். பொங்கலுக்குத் தண்ணி வந்துடுச்சேன்னு எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அன்னிக்கு ராத்திரி அம்மா பொங்கல் சாப்பிட்ட தட்டெல்லாம் அடுக்கி மெஷினைத் தட்டி விட்டிருக்காங்க. கொஞ்ச நேரம் 'உம்'முனு சத்தம். அப்புறம் நின்னுடுச்சு. 'பீப் பீப்'புன்னு கத்தி, அந்த எழுத்து வந்து நின்னுடுச்சு.

நான் கோயில்ல இருந்தேன். பொங்கல் முடிஞ்சா தைப்பூசத்துக்குப் பத்தே நாள், அந்தப் பத்து நாளும் எனக்கு வீடு ராத்தங்கும் இடம் மட்டும்தான். 25-ஆம் தேதி தைப்பூசம். அடுத்த நாள் பந்தல் பிரிச்சு, கடைசி அண்டாவைக் கவுத்து வச்சு, அதிகாலை மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டுல லைட் எரியுது. அம்மா சிங்க்கு முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து தட்டு தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. பகல்ல கழுவினா மருமக பார்த்துடுவா, எனக்குச் சொல்லிடுவான்னு ராத்திரியில கழுவியிருக்காங்க. பத்து நாளா.

கையைப் பிடிச்சுப் பார்த்தேன். சொல்ல வேணாம்.

"ஏம்மா, மெஷின் என்னாச்சு?"

"அது கெட்டுப் போச்சுப்பா. நான்தான் கெடுத்துட்டேன் போல. பொங்கல் அன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல் வச்ச பாத்திரத்தை மறந்தாப்புல எச்சித் தட்டோட வச்சுட்டேன். அதான் அம்மன் காட்டிட்டா. நீ கோயில் வேலையா இருக்க, உன்கிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைச்ச பாத்திரத்தை நான் அங்க கழுவிக்கிட்டு இருந்தேன். மூணு பேர் சாப்பிட்ட தட்டு இங்க.

காலையில முதல் வேலையா மேனுவலைத் தேடினேன். டிராயருக்குள்ள பிளாஸ்டிக் பை கூடப் பிரிக்காம இருந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்துல ஒரு கட்டம், அந்த எழுத்துக்கு நேரா ஒரே வரி: தண்ணி உள்ள வர நேரம் அதிகமாகுது. அவ்வளவுதான். அம்மன் கோபமும் இல்லை, அம்மா தப்பும் இல்லை.

இந்த இடத்துல மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும். அது புரிஞ்சா எந்த எழுத்து வந்தாலும் பயம் இருக்காது. டிஷ்வாஷர் நாம நினைக்கிற மாதிரி தொட்டி நிறையத் தண்ணி ரொப்பிக் கழுவுறது இல்லை. அடியில மூணு நாலு லிட்டர் மட்டும் பிடிக்கும். அதைச் சூடாக்கி, சுத்துற கை வழியா பாத்திரம் மேல திரும்பத் திரும்ப அடிக்கும். அழுக்குத் தண்ணியை வெளிய தள்ளும். மறுபடி புதுசாப் பிடிக்கும். ஒவ்வொரு படிக்கும் உள்ள இருக்கிற சின்ன மூளை ஒரு நேரம் வச்சிருக்கு. இத்தனை நிமிஷத்துல தண்ணி வந்திருக்கணும், இத்தனை நிமிஷத்துல வெளிய போயிருக்கணும், இவ்வளவு சூடு ஏறியிருக்கணும். ஏறலைன்னா வேலையை நிறுத்திட்டு, எங்க நின்னேன்னு அந்த எழுத்தைக் காட்டும். எது உடைஞ்சுதுன்னு அதுக்குத் தெரியாது. எந்த வேலை முடியலைன்னுதான் தெரியும்.

அதனால வர்ற எழுத்துல முக்கால்வாசி மூணே விஷயம்தான்: தண்ணி வரலை, தண்ணி போகலை, தண்ணி போகக்கூடாத இடத்துக்குப் போயிடுச்சு. எழுத்து மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்ஜியில ஐஇ-ன்னா தண்ணி வரலை, ஓஇ-ன்னா வெளிய போகலை, ஏஇ-ன்னா கசிவு. சாம்சங்ல 4சி, 5சி, எல்சி (பழைய மாடல்ல சி-க்குப் பதிலா இ). எலக்ட்ரோலக்ஸ்ல ஐ-10, ஐ-20, ஐ-30, அதே வரிசை. போஷ்ல இ-24, இ-25 ரெண்டும் வெளிய போற பக்கம், இ-15 அடித்தட்டுல தண்ணி. மிடியாவுல இ-1 தண்ணி வரலை, இ-4 வழிஞ்சிருச்சு.

ஒண்ணு கவனிங்க. மிடியாவுல இ-1 தண்ணி வரலைங்கிறது, எல்ஜியில அதே இ-1 கசிவு. பக்கத்து வீட்டு அக்கா "எனக்கும் இ-1 வந்துச்சு, பைப்பைத் திறந்து விட்டேன், சரியாப் போச்சு"ன்னு சொன்னதைக் கேட்டு நீங்களும் திறந்து விட்டீங்கன்னா சமையல்கட்டு குளம். உங்க மெஷின், உங்க மேனுவல். தொலைஞ்சிருந்தா கதவோட ஓரத்துல மாடல் நம்பர் ஒட்டியிருக்கும், அதைப் போட்டுத் தேடினா கிடைக்கும்.

சரி, எங்க மெஷினுக்கு வர்றேன். பைப்பு திறந்துதான் இருந்தது. சிங்க்ல தண்ணி நல்லாத்தான் வந்தது. அப்புறம் என்னன்னு புரியாம, ரிப்பேர் பார்க்கிற ஒரு சீன அங்கிளுக்குப் போன் போட்டேன். வந்து பார்க்கவே 80 வெள்ளின்னார். சரின்னு அட்ரஸ் சொல்லப் போனேன். அவரே நிறுத்தி, "தண்ணி கட்டுக்கு அப்புறம்தானே இப்படி?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "போஸ், சூச்சி ஃபில்டர் டூலு லா. அப்பவும் வரலைன்னா கூப்பிடு"ன்னு போனை வச்சுட்டார். வர வேண்டிய 80 வெள்ளியை வேணாம்னு சொன்ன மனுஷன். அவருக்கு முருகன் நல்லது செய்யட்டும்.

அவர் சொன்ன ஃபில்டர், பாத்திரம் வைக்கிற உள்பக்கம் இருக்கிறது இல்லை. அது வேற. சுவத்துல இருக்கிற பைப்புல இருந்து மெஷினுக்குப் போற ஹோஸ் இருக்கு பாருங்க, அதோட முனையில, இல்லைன்னா மெஷினுக்குள்ள நுழையிற இடத்துல, ஐம்பது காசு அளவுக்கு ஒரு சின்ன வலை இருக்கும். மண்ணு உள்ள போய் வால்வைக் கெடுக்காம இருக்கத்தான் அது.

பிளக்கைப் பிடுங்கினேன். பைப்பை மூடினேன். கீழ ஒரு பேசின் வச்சு ஹோஸைக் கழட்டினேன். வலையே தெரியலை. செங்காவி கரைச்சு அப்பின மாதிரி சேறு. தண்ணி நாலு நாள் நின்னு திரும்ப வேகமா வரும்போது, குழாய்லயும் டேங்கிலயும் வருஷக்கணக்கா படிஞ்ச துருவும் வண்டலும் கிளம்பிடும். எங்க பிளாட் பழசு, பைப்பும் பழசு, மொட்டை மாடி டேங்கியை யாரு எப்பக் கழுவினாங்கன்னு அந்த டேங்கிக்கே தெரியாது. சிங்க்கு பைப்புல அந்தச் சேறு ஒரு நிமிஷம் கலங்கலா வந்துட்டுப் போயிடும். மெஷின்ல அது வலையில மாட்டிக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. எங்க வீடு மேல் மாடிக்கு ஒரு மாடி கீழ. தண்ணிக்கு பத்து மீட்டர் உயரம் இருந்தாத்தான் ஒரு பார் அழுத்தம். டேங்கி எங்க பைப்புக்கு மேல ஆறு மீட்டர் இருந்தா கிடைக்கிறது 0.6 பார். நிறைய மெஷினுக்குக் குறைஞ்சது 0.4, 0.5 பார் வேணும். ஏற்கனவே விளிம்புல ஓடுது, அதுல வலையும் அடைச்சா எப்படி வரும்? மேல் மாடிக்காரங்களுக்கு இந்த எழுத்து அடிக்கடி வர்றதுக்கு இதான் காரணம். மத்தியானம் மூணு மணிக்கு, யாரும் தண்ணி எடுக்காத நேரத்துல போட்டுப் பாருங்க. அப்ப மட்டும் ஒழுங்கா ஓடினா மெஷின் மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சுடும்.

வலையைப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். ரெண்டு நிமிஷ வேலை. எல்லாம் மாட்டிப் பைப்பைத் திறந்தேன், சர்ருன்னு மூஞ்சியில அடிச்சது. ரப்பர் வாஷரைப் பேசின்லயே விட்டுட்டேன். அம்மா அப்பத்தான் பத்து நாள்ல முதல் தடவையா சிரிச்சாங்க. நீங்க மறக்காதீங்க. இன்னொரு எச்சரிக்கை: சில மெஷின்ல ஹோஸோட பைப்பு முனையில கட்டைவிரலை விடப் பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதுக்குள்ள கரண்ட்ல வேலை செய்யிற வால்வு இருக்கு. அதைத் தண்ணியில முக்காதீங்க, ஹோஸை வெட்டவும் வெட்டாதீங்க. வலையை மட்டும் எடுத்துக் கழுவுங்க.

வாஷரைப் போட்டு, திரும்ப மாட்டி, ஓட விட்டோம். ஓடிச்சு. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷினுக்கு முன்னாடியே உக்காந்து, தண்ணி பிடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "இதை யாரு கண்டுபிடிச்சா?"ன்னு கேட்டாங்க. தேடிப் பார்த்துச் சொன்னேன். அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ஜோசஃபின் காக்ரேன்னு ஒரு பொம்பளை, 1886-ல காப்புரிமை வாங்கியிருக்காங்க. 1893-ல சிகாகோ கண்காட்சியில அதைக் காட்டியிருக்காங்க. ஆனா முதல்ல வாங்கினது பெரும்பாலும் ஹோட்டல்காரங்கதான், வீட்டுக்கு வர ரொம்ப காலம் ஆச்சு. "பொம்பளையா? அதானே பார்த்தேன்"னாங்க அம்மா.

கதை இதோட முடியலை. நாலு நாள் கழிச்சு வேற எழுத்து. இந்தத் தடவை அம்மா ஒளிக்கலை, உடனே எனக்கு போட்டோ அனுப்பிட்டாங்க. கதவைத் திறந்தா உள்ள பூரா நுரை. மெஷின் மாத்திரை தீர்ந்து போச்சுன்னு, கையால கழுவுற சோப்புத் தண்ணியை ரெண்டு மூடி ஊத்தியிருக்காங்க. இது நிறைய வீட்டுல நடக்குது. கை சோப்பு நுரைக்கிறதுக்குன்னே செஞ்சது. மெஷின் அடிக்கிற வேகத்துல அது பொங்கிக் கதவு இடுக்கு வழியா இறங்கி, அடித்தட்டுல தேங்கும். அங்க ஒரு மிதவை இருக்கு. அது மேல எழும்பினா கசிவுன்னு நினைச்சு மெஷின் எல்லாத்தையும் நிறுத்திடும். நிறுத்தத்தான் செய்யணும், அது இல்லைன்னா கீழ் வீட்டுக் கூரை வழியா ஒழுகும். நுரையை வழிச்செடுத்து, தண்ணியை வெளிய தள்ள விட்டு, பிளக்கைப் பிடுங்கி, கீழ இருந்த ஈரத்தைத் துணியால ஒத்தி எடுத்து, ஒரு நாள் காய விட்டோம். எழுத்து போயிடுச்சு. நுரையும் இல்லாம, காரணமும் தெரியாம கசிவு எழுத்து வந்தா, பைப்பை மூடிட்டு ஆளைக் கூப்பிடுங்க. பிளக்கைப் பிடுங்கி மாட்டினா எழுத்து அழிஞ்சுடும், கசிவு அங்கேயேதான் இருக்கும்.

தண்ணி வெளிய போகாத எழுத்துக்கு நம்ம சாப்பாடுதான் முக்கியக் காரணம். ஜெலுத்தோங்ல இருக்கிற நம்ம சேவை அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடியில இருக்கிற உருளை ஃபில்டரைத் திருகி எடுத்தா சோத்துக் கஞ்சி பசை மாதிரி அப்பியிருக்கு. அதுக்குக் கீழ, பம்ப்போட மூடியைத் தூக்கினா, சின்னச் சக்கரத்துல ஒரு கறிவேப்பிலைக் காம்பு, புளி நார், ஒரு துண்டு கண்ணாடி. (கையை விடாதீங்க, கரண்டிக் காம்பால நிமிண்டுங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகு.) சுத்துற கையில இருக்கிற ஓட்டையில எல்லாம் கடுகு. ஒவ்வொண்ணா பல்குத்தும் குச்சியால எடுத்தோம், பாசி கோக்கிற மாதிரி. தட்டை வைக்கிறதுக்கு முன்னாடி வழிச்சுக் கொட்டினா போதும், இது வராது. ஃபில்டரை வாரம் ஒரு தடவை பைப்புல காட்டுங்க. இது எதுவும் இல்லாமலே தண்ணி போகலைன்னா, பின்னாடி ஹோஸ் மடங்கியிருக்கான்னு பாருங்க. வீடு கூட்டும்போது மெஷினை நகர்த்தினா இப்படி ஆகும்.

சூடு ஏறலைங்கிற எழுத்து வந்தா மட்டும் நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. அது ஹீட்டர், இல்லைன்னா சூட்டை அளக்கிற கருவி. கரண்ட் சமாச்சாரம். அப்ப 80 வெள்ளி கொடுக்கிறதுதான் புத்தி.

நிறைய பேர் கேட்டதால இதையும் சொல்லிடறேன்: குத்துவிளக்கு, பித்தளைச் சொம்பு, செம்புக் குடம் எதையும் மெஷின்ல வைக்காதீங்க. மெஷின் சோப்பு காரமானது, பளபளப்பு எல்லாம் போயிடும். அலுமினியச் சட்டி கருத்துடும். இரும்பு தோசைக்கல் துரு பிடிக்கும். எவர்சில்வர் நல்லா வரும். விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு இன்னும் மெஷின் வரலை.

அடுத்த தண்ணி கட் எப்ப வந்தாலும், தண்ணி திரும்ப வந்ததும் நேரா மெஷினைப் போடாதீங்க, துணி துவைக்கிற மெஷினையும்தான். முதல்ல சிங்க்கு பைப்பைத் திறந்து, வாளியில பிடிச்சு, தண்ணி தெளியிற வரைக்கும் விடுங்க. அந்தக் கலங்கல் தண்ணி பூச்செடிக்கு ஆகும். அப்புறம் அந்த வலையைக் கழட்டி ஒரு தடவை பாருங்க. வீட்டுல பெரியவங்க தனியா இருந்தா, மேனுவல்ல அந்த ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து, தமிழ்ல எழுதி மெஷின் மேல ஒட்டி விடுங்க. நான் ஒட்டியிருக்கேன். கீழ என் நம்பரை எழுதி, "கோயில்ல இருந்தாலும் கூப்பிடுங்க"ன்னு எழுதியிருக்கேன். அம்மா இப்ப தேவையில்லாததுக்கும் கூப்பிடுறாங்க. நேத்து திரையில '0.59'னு வருது, என்ன கோளாறுன்னாங்க. மிச்ச நேரம்மா அது, ஐம்பத்தொன்பது நிமிஷம்னேன்.

மாசி மகத்துக்கு நம்ம சமையல்கட்டுல பாத்திர டூட்டிக்கு ஆறு பேர் வேணும். சாயங்காலம் ஆறு மணியில இருந்து. குரூப்ல பேரைப் போடுங்க, கையுறை நான் வாங்கி வைக்கிறேன். அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வரட்டும். ஒரு நாற்காலி போட்டு டோக்கன் கொடுக்கிற இடத்துல உக்கார வைங்க. பைப்படி பக்கம் வந்தா எனக்கு ஒரு குரல் கொடுங்க.

முருகா சரணம்.